பின்னால் சுற்றிய கைப்பிடி

அத்தியாயம் ஆறு

நாராயணசாமி வாத்தியாரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணம் ஒரு ஒற்றைச் செருப்பு. அந்தச் செருப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்த மகானுபாவன் நான்தான். பெயர் உதயா. திருப்பதியில் தேவசேனா மேடத்திடம் உதவியாளன். துப்பறியும் ஆபீஸ் என்று போர்டு இருக்கும். உள்ளே மேடம், நான், ஒரு ஃபேன். மூன்றில் ஃபேன் ஒன்றுதான் சொன்ன வேலையை மட்டும் செய்யும்.

நடந்தது இதுதான். நகரியில் நான்கு விசைத்தறி வைத்திருக்கும் பாலசுந்தரம், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேப்பகுண்டம் ஏரி மதகில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பின்மண்டையில் ஏழு தையல். “யாரோ பின்னாலருந்து தள்ளிட்டாங்க” என்று போலீஸில் சொன்னார். யாரென்று தெரியாதாம். அவருடைய ஒரே மகள் ரோஹிணி அன்றைக்கே எங்கள் ஆபீஸ் படியேறினாள்.

திங்கட்கிழமை மேடத்துக்குச் சித்தூர் கோர்ட்டில் ஒரு சாட்சி. “நீ போய் ஏரியப் பாத்துட்டு வா. பாக்குறது மட்டும்தான் உன் வேலை” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் பார்த்தேன். மதகுக்குப் பின்னால் புதரில் நீல வார் போட்ட செருப்பு ஒன்று கிடந்தது. பாலசுந்தரத்தோடு பதினெட்டு வருஷமாக மீன் பிடிக்கப் போகும் நாராயணசாமி வாத்தியாருடையது என்று டீக்கடையில் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் இருவருக்கும் சண்டை என்றும் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடத்துக்கு ஒரு போன்கூடப் போடாமல், நேராக ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ. மேஜைமேல் செருப்பை வைத்தேன். “ஷபாஷ்” என்றார் எஸ்.ஐ. அந்த ஷபாஷ் இன்னும் என் காதில் இருக்கிறது. மத்தியானமே வாத்தியாரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேடம் சாயங்காலம் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இன்று செவ்வாய். மாலை ஐந்து மணிக்கு வாத்தியாரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். வியாழக்கிழமை அவர் மகள் மஞ்சுவுக்கு நிச்சயதார்த்தம். பாகாலா மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். ரிமாண்ட் ஆகிவிட்டால் காய்ச்சல் கதை செல்லாது.

காலை எட்டு மணிக்கு நகரியில் இருந்தோம். தறிக்கொட்டகையில் ரோஹிணி ஒரு தறிக்கு அடியிலிருந்து ஸ்பானரோடு எழுந்து வந்தாள். இருபத்தைந்து வயது. தறியில் ரோஸ் கலர் பாவு நூல் ஓடியதால் தலைமுடி, புருவம் எல்லாம் ரோஸ் பஞ்சு.

“மெக்கானிக் வரலையா?” என்று சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

“நான்தாங்க மெக்கானிக். நைனா ஓட்டுவாரு, நான் ரிப்பேர் பண்ணுவேன். தறிக்கு வாய் இருந்தா என்னதான் அம்மான்னு கூப்புடும்.”

“உங்க நைனாவோட தூண்டில் எங்கம்மா?” என்றார் மேடம்.

ஜிப் வைத்த உறையிலிருந்து ரீலை எடுத்துக் கொடுத்தாள். தூண்டில் கம்பில் மாட்டி நூல் சுற்றுகிற ராட்டினம். கடையில் வைத்த வெள்ளிப் பாத்திரம்போலப் பளபளத்தது. உபயோகப்படுத்தின பொருள் என்றே தோன்றவில்லை.

“பொறந்தநாளுக்கு நான் வாங்கிக் குடுத்தது. ஆன்லைன்ல. பன்னெண்டு பேரிங், ஃபுல் மெட்டல். சனிக்கிழம சாயங்காலம் நாராயணசாமி மாமா இதப் பாத்துட்டு, ‘கையில புடிச்சுப் பாக்காம ரீல் வாங்குவாங்களா, இது சுத்துறப்பவே கரகரங்குது’ன்னாரு. என் முன்னாடியே. நைனாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. ‘என் பொண்ணு குடுத்தது, நாளைக்கு இதுலதான் மீன் புடிப்பேன், நீ பாத்துக்கினே இரு’ன்னு கத்தினாரு.”

“வாத்தியார் தள்ளியிருப்பாருன்னு நீ நம்புறியா?”

அவள் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தாள். “நம்ப முடியல. ஆனா எங்க நைனா எழுந்து நடக்க ஆறு மாசம் ஆவும்னு சொல்லிட்டாங்க. சொந்தக்காரங்க புத்தூர் எலும்புக் கட்டுக்கு இஸ்துக்கினு போலாம்னு ஒரு பக்கம் சண்டை. தள்ளினது யாருன்னு தெரிஞ்சாவணும் மேடம். யாரா இருந்தாலும் விடக்கூடாது.”

“யாரா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும்.”

மேடம் ரீலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

புத்தூர் தாண்டி ஸ்கூட்டரை டீக்கு நிறுத்தினோம். மேடம் இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்தவர். மாடு முட்டியதாகச் சொன்ன காரில் லாரி பெயின்டைக் கண்டுபிடித்தவர். டீ டம்ளரைத் திண்டின் விளிம்பில் வைத்தார்.

“இது பாலசுந்தரம். முன்னால ஏரி, பின்னால படி. பின்னாலருந்து தள்ளு.”

தள்ளினேன். டம்ளர் முன்பக்கம் விழுந்து என் பேன்ட் நனைந்தது.

“அவர் எங்க விழுந்தாரு?”

“படில. பின்பக்கம்.” எனக்கு மெதுவாக உறைத்தது. “அப்படின்னா முன்னாலருந்து தள்ளியிருக்கணும். முன்னால தண்ணி. வாத்தியார் தண்ணிமேல நடந்து வந்தாரா?”

“ஸ்கூல்ல பி.டி. வாத்தியார். அவ்வளவு பெரிய மகான் இல்ல.”

“அந்தச் செருப்பு?”

“மதகுமேல செருப்போட எவன் நிப்பான்? வாத்தியாரும் அன்னிக்குக் கூட இருந்தாருன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க; கழட்டிப் போட்டுட்டு வெறுங்கால்ல நின்னிருக்காரு. நடுவுல இட்லி வாங்கப் போனவர் திரும்பி வந்து பாலசுந்தரம் கிடக்கிறதப் பாத்து, அப்படியே ஓடிப்போய் ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருக்காரு. கூட்டத்துல எவன் காலோ ஒண்ணப் புதருக்குத் தள்ளிடுச்சு.”

இதை நேற்றே மேடத்திடம் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஒரு போன் கால் தூரம். எனக்கு டீ இறங்கவில்லை. இறங்குவதற்கு டம்ளரில் டீயும் இல்லை.

“இன்னொண்ணு” என்றார் மேடம். “ஆஸ்பத்திரில அவரோட இடது கையப் பாத்தேன். விரல் முட்டில மூணு கன்னிப்போன அடி, வரிசையா. மல்லாக்க விழுந்தவனுக்குக் கைமுட்டில எப்படி அடிபடும்? அதத்தான் இந்த ரீல்கிட்ட கேக்கணும்.”

திருப்பதியில் தூண்டில் சாமான் விற்கும் ஸ்ரீதேவியின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நாற்பது வயதுப் பெண்மணி, கண்ணாடி எப்போதும் தலைமேல்தான். ரீலைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

“பன்னெண்டு பேரிங்கா? பேரிங்க எண்ணி ரீல் வாங்குறதும் பல்ல எண்ணி மாப்பிள்ளை பாக்குறதும் ஒண்ணு மேடம். நாலு இருந்தாலும் நல்லதா இருக்கணும். கம்புல மாட்டினா பாரம் முன்னாலயும் இழுக்கக் கூடாது, பின்னாலயும் இழுக்கக் கூடாது. இந்தத் திருகு இருக்குதே, டிராக், மீன் இழுக்கிறப்ப நூல விட்டு விட்டுக் குடுக்கணும், வெடுக்குனு இல்ல. எல்லாத்துக்கும் மேல, கைப்பிடி முன்பக்கம் மட்டும்தான் சுத்தணும். பின்பக்கம் மயிரிழைகூட நகரக் கூடாது.”

“இது நகருதா?”

கைப்பிடியைப் பின்னால் திருப்பிப் பார்த்தாள். கல்லாக நின்றது. “பாகானே உந்தே” என்று தெலுங்கில் முனகினாள். நல்லாத்தான் இருக்கிறது. என் முகம் தொங்கிப்போனது.

மேடம் விடவில்லை. “சும்மா திருப்பினா சரி. பத்துக் கிலோ மீன் இழுத்தா?”

ஸ்ரீதேவி ரீலைக் கம்பில் மாட்டி, நூல் நுனியை ஜன்னல் கம்பியில் கட்டினாள். டிராக்கை இறுக்கினாள். “ஏம்ப்பா, நீ மீன் புடிச்சிருக்கியா?”

“வாத்தியாரைப் பிடிச்சுக் குடுத்திருக்கேன்” என்றேன். நானே கேட்கச் சகிக்கவில்லை.

“வலது கையில கம்பு, இடது கையில கைப்பிடி. மீன் கடிச்சிடுச்சுன்னு நெனச்சு ஒடம்ப சாச்சு வெடுக்குனு இழு.”

இழுத்தேன். ஒரு நொடி நூல் விறைத்தது. அடுத்த நொடி கைப்பிடி என் விரலைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் விர்ரென்று சுற்றியது. இழுத்த இழுப்புக்குப் பிடிமானமே இல்லாமல் போய், மிதவைப் பெட்டிகள்மேல் நான் மல்லாந்தேன். விழுந்த இடத்தைச் சொல்ல மாட்டேன். உட்காரும்போதெல்லாம் அதுவே சொல்லிக்கொள்கிறது.

“ஐயய்யோ! அடி பட்டுதா?” என்றாள் ஸ்ரீதேவி.

மேடம் என் இடது கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். விரல் முட்டியில் மூன்று சிவந்த அடி, வரிசையாக.

“அதே இடம்” என்றார்.

ஸ்ரீதேவி ரீலைப் பிரித்தாள். உள்ளே மோதிரம்போல ஒரு சின்ன வளையம். “இதுதான் கைப்பிடிய ஒரு பக்கம் மட்டும் சுத்த விடுற பேரிங். இது கிட்டத்தட்டக் காஞ்சே இருக்கணும். மெல்லிசு எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. கிரீஸு பக்கத்துல கியருக்குத்தான். இங்க சூடண்டி, பாருங்க…”

வளையம் முழுக்க மஞ்சள் கிரீஸ். தோசைக்கு வெண்ணெய் வைத்ததுபோல அப்பியிருந்தது.

“மெதுவா சுத்தினா புடிக்கும். வேகமா இழுத்தா வழுக்கிடும்” என்றாள்.

“வேணும்னு செஞ்சதா?”

“தெரிஞ்சவன் செய்ய மாட்டான் மேடம். தெரியாதவன் ரொம்ப ஆசையா செய்வான்.”

எனக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. “மேடம், வாத்தியார்! அவருக்கு ரீல் தெரியும். சண்டை வேற. சனிக்கிழமை ரீலைக் கையில வாங்கியிருக்காரு. அவர்தான் அப்பியிருக்கணும்!” சொல்லும்போதே தெரிந்தது, அந்த ஆள் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று. அவர் செய்திருந்தால் நான் செய்தது தப்பில்லை.

மேடம் ஒரு ஊசியால் கிரீஸுக்குள்ளிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரோஸ் கலர் பஞ்சு. பிறகு என் சட்டைக் காலரிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே ரோஸ். காலையில் தறிக்கொட்டகையில் ஒட்டியது.

“தறி கிரீஸ்” என்றார். “சத்தம் வந்தா கிரீஸ் வை. தறிக்காரங்க வீட்டுல அதுதான் வைத்தியம்.”

கரகரங்குது என்று வாத்தியார் சொன்னார். மகளுக்கு முன்னால் சொன்னார்.

மேடம் ரீலை அப்படியே மூடச் சொன்னார். “துடைக்காதீங்க. சாட்சியக் கழுவக் கூடாது.”

ஆஸ்பத்திரியில் பாலசுந்தரம் காலில் எடை கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தார். மேடம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ரீலை அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தார். என் இடது கையைப் பிடித்து அவர் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையிலும் அதே மூன்று அடி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “தெரிஞ்சு போச்சா மேடம்?”

“நீங்க சொல்லுங்க.”

“மீன் கடிச்சதும் ஒடம்ப சாச்சு இஸ்தேன். கைப்பிடி பின்னால சுத்திக்கிச்சு. விழுறதுக்கு முன்னாடியே வாசன வந்துச்சு மேடம். தறி கிரீஸ் வாசன. நாப்பது வருஷமா என் மூக்குல கீற வாசன. நான் தூங்கினப்புறம் எம் பொண்ணு இன்னா பண்ணியிருக்கான்னு அப்பவே புரிஞ்சிடுச்சு. வாத்தியார் கரகரங்குதுன்னு சொன்னது அவளுக்கு உறுத்தியிருக்குது.”

“வழுக்கி விழுந்தேன்னு சொல்லியிருக்கலாமே?”

“அதத்தான் மொதல்ல சொன்னேன். அவ ரீல கையில வெச்சுக்கினு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தா. ‘இத்தன வருஷம் வழுக்காத மதகு இப்ப எப்படி வழுக்கும்? ரீல் ஏதாவது மக்கர் பண்ணுச்சா நைனா?’ன்னு கேட்டா. பயந்துட்டேன். யாரோ தள்ளிட்டாங்கன்னு வாயில வந்துடுச்சு. நான் யார் பேரயும் சொல்லல மேடம். சத்தியமா பேரு சொல்லல.”

பேர் சொன்னவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

“வாத்தியாரைக் கூட்டிட்டுப் போனது உங்களுக்குத் தெரியுமா?”

“நேத்து சாயங்காலமே தெரியும்.” விரல் முட்டியைத் தடவிக்கொண்டார். “விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். இல்ல, அதுவும் பொய். ஒண்ணும் நெனைக்கல. என் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும்னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினேன். அவன் எனக்கு ஆம்புலன்ஸ்ல தலையப் புடிச்சுக்கினு வந்தான் மேடம்.”

“அஞ்சு மணிக்குக் கோர்ட்டு. ஸ்டேட்மென்ட மாத்தணும்.”

“மாத்துறேன். வழுக்கிடுச்சுன்னே எழுதிக்கிங்க. ரீல் பேச்சு மட்டும் வேணாம். ரோஹிணிக்குத் தெரிய வேணாம். உங்க கால்ல வேணா விழுறேன்.”

“விழுந்த வரைக்கும் போதும்” என்று நான் வாயைத் திறந்தேன். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் டிபன் கேரியர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

ரோஹிணி உள்ளே வந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கட்டில் மேலிருந்த ரீலை எடுத்து, கைப்பிடியைப் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டினாள். சுற்றியது. இன்னொரு தடவை. சுற்றியது. மெக்கானிக்குக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நல்லா வழவழன்னு ஓடணும்னுதான் நைனா வெச்சேன்” என்றாள்.

“தெரியும்மா. அழுவாத.”

அவள் அழவில்லை. மேடத்தைப் பார்த்தாள். “யாரா இருந்தாலும் விடக்கூடாதுன்னு காலைல சொன்னேன் இல்ல மேடம்? எஸ்.ஐ. நம்பர் குடுங்க. நானே பேசுறேன். வழுக்கல் கதையெல்லாம் வேணாம். நடந்தது நடந்தபடி சொல்றேன்.”

பாலசுந்தரம் என்னென்னவோ சொன்னார். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். உட்காரும் இடமும் வலித்தது. மேடம் பக்கத்தில் வந்து நின்றார். ஆபீஸில் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது சட்டம்; மற்ற நேரத்தில் அக்கா. எனக்கு அப்போது அந்த வார்த்தை வரவில்லை.

“அக்கா, நான் பண்ணினது…”

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவர்கிட்ட சொல்லு.”

ஸ்டேஷனிலிருந்து வந்து ரீலைப் படம் எடுத்து, ஸ்டேட்மென்டை மாற்றி எழுதிக்கொண்டு போனார்கள். நாலரைக்கு நாராயணசாமி வாத்தியார் வந்தார். கசங்கின சட்டை, வெறுங்கால். ஒரு செருப்பு ஸ்டேஷனில், இன்னொன்று எங்கோ. வலது கை விரல்கள் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அதை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்தது.

ரோஹிணி அவர் காலில் விழுந்தாள். “மாமா, நான்தான் மாமா.”

“எழுந்திரு. நான் சும்மா இருக்காம கரகரங்குதுன்னு வேற சொல்லித் தொலைச்சேன்.” கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாலசுந்தரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீனு எவ்ளோ பெருசுடா?” என்றார் வாத்தியார்.

பாலசுந்தரம் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. “தெரியலடா. மூஞ்சியே காட்டல.”

“ரெண்டு நாள் நீயுந்தான் காட்டல.”

அதற்குப் பிறகு அவர் பாலசுந்தரத்தைப் பார்க்கவில்லை. ரீலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரோஹிணியிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கினார். வீங்கின விரலுக்குள் அது நிற்கவில்லை. தரையில் விழுந்தது. ரோஹிணி குனிவதற்குள் நான் எடுத்தேன்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்” என்றேன். வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. “செருப்பக் கொண்டுபோய் எஸ்.ஐ.கிட்ட குடுத்தது நான்தான்.”

“தெரியும். மொதல் அடிக்கு முன்னாலயே சொன்னாங்க. உதயான்னு ஒரு கெட்டிக்காரப் பையன்னு.”

அவர் ரீலை என் பக்கம் நீட்டினார்.

“எனக்கு விரல் மடங்கல. நீ திருகு.”

பிரித்தேன். ரோஹிணி தன் துப்பட்டாவின் நுனியைக் கிழித்துக் கொடுத்தாள். வளையத்துக்குள் விட்டு வழித்தேன். மஞ்சள் கிரீஸும் ரோஸ் பஞ்சும் துணியில் ஏறின.

“இன்னும் இருக்குது” என்றார் வாத்தியார்.

மறுபடி துடைத்தேன். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி மறுபடி துடைத்தேன். வளையம் பளிச்சென்று ஆகிவிட்டது. எண்ணெய்ச் சொட்டு விடலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். போதும் என்று அவர் சொல்லவே இல்லை.